விற்ற வீட்டுக்கு வாடகை
(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் அறக்கட்டளைக்குச் சொந்தமான பதினோரு வரிசை வீடுகளையும் விற்றுவிடலாம் என்று ஒரு யோசனை வந்துள்ளது. அந்தப் பணத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவியைத் தாராளமாகச் செய்யலாம். ஆதரவற்ற குடும்பங்களுக்கு வெளியே வீடு பிடித்து நாமே வாடகை கட்டலாம் என்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இதையே பெரிய அளவில் செய்து பார்த்த ஒரு நாட்டின் அனுபவத்தை முதலில் உங்கள் முன் வைக்கிறோம்.

பிரிட்டனில் ராணுவத்தாரின் குடும்பங்களுக்கென அரசு கட்டிய குடியிருப்புகள் உண்டு. 1996-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள சுமார் 57,400 வீடுகளை 999 ஆண்டுக் குத்தகையாக அன்னிங்டன் என்ற தனியார் நிறுவனத்துக்கு அரசு கொடுத்தது. கிடைத்தது சுமார் 166 கோடி பவுண்டு. அதே வீடுகளில் பெரும்பாலானவற்றை அந்த நிறுவனத்திடமிருந்தே வாடகைக்கு எடுத்தது. பராமரிப்புச் செலவும் அரசின் தலையில்தான்.

பிறகு வீட்டு விலை கிடுகிடுவென ஏறியது. அரசு கணித்ததைவிட மிக வேகமாக ஏறியதால், பொதுப்பணத்துக்கு 220 கோடி முதல் 420 கோடி பவுண்டு வரை இழப்பு என்று 2018-இல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு சொன்னது.

பணத்தோடு இது முடியவில்லை. ராணுவத்தார் அடிக்கடி இடம் மாறுவார்கள். எனவே சில வீடுகள் கைவசம் காலியாக இருக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பிக் கொடுப்பதென்றால் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும். வைத்திருந்தால் வாடகை கட்ட வேண்டும். அதே ஊர்களில் உள்ளாட்சி வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் குடும்பங்கள் காத்திருந்தன. தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்த வீடுகள் சந்தைக்கு வந்தபோதுதான் மற்றவர்கள் அவற்றில் குடியேற முடிந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. குடியிருப்பு போதாத இடங்களில் ராணுவக் குடும்பங்கள் ஊருக்குள் வாடகை வீடு தேடுகின்றன. நிலையான சம்பளக்காரர் வந்தால் வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? கூலி வேலைக்காரர்தான் ஊருக்கு வெளியே தள்ளப்படுவார்.

கடைசியில், 2025 ஜனவரியில், 36,347 வீடுகளை அரசு திரும்ப வாங்கியது. விலை ஏறக்குறைய 600 கோடி பவுண்டு. விற்றதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான வீடுகள். விலையோ மூன்றரை மடங்குக்கு மேல். இதனால் ஆண்டுக்கு 23 கோடி பவுண்டு வாடகை மிச்சம் என்று அரசு கணக்குச் சொன்னது.

கருவூலம் கையில் உள்ள ஓர் அரசுக்கே இந்தக் கதி. திரும்ப வாங்கும் சக்தி நமக்கு ஏது? இன்று விற்றால் பணம் சில ஆண்டுகளில் கரைந்துவிடும். வாடகை மட்டும் ஆண்டுதோறும் ஏறும். கணவரை இழந்த பெண்ணுக்கு வீடு கேட்டு நாம் எத்தனை வாசல் ஏறி இறங்கியிருக்கிறோம் என்பது உங்களுக்கே தெரியும். இந்த வீடுகளைத் தந்தவர்கள் அமானிதமாகத் தந்துவிட்டுப் போனார்கள்.

நம் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். பதினொன்றில் இரண்டு வீடுகள் கூரை ஒழுகுவதால் இரண்டு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கின்றன. ஐந்து குடும்பங்கள் மனுக் கொடுத்துக் காத்திருக்கின்றன. பிரிட்டனைக் குறை சொல்லும் முன் நம் பூட்டைத் திறக்க வேண்டாமா?

எனவே விற்கும் யோசனையைக் கைவிட்டு, அந்த இரண்டு வீடுகளையும் ரமளானுக்கு முன் பழுது பார்த்துக் கொடுக்கத் தீர்மானிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பணமாகத் தர இயலாதவர்கள் ஓடாக, சிமெண்டாக, ஒரு நாள் உழைப்பாகத் தரலாம். சொந்த வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நம் மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நியாயமான வாடகைக்கு விட முன்வந்தால், வாடகை ஒழுங்காக வருவதற்கு நாங்கள் பொறுப்பேற்கிறோம், இன்ஷா அல்லாஹ்.