பழைய களத்துக்குப் புதிய வாயில்



பழைய வீட்டைப் புதுப்பிக்க வரும் அனுபவசாலியான கொத்தனார் எடுத்த எடுப்பில் கடப்பாரையைத் தொடமாட்டார். முதலில் வீட்டைச் சுற்றி வருவார். சுவர்களைத் தட்டிப் பார்ப்பார். எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது, எந்தச் சுவர் பின்னாளில் எழுப்பிய வெறும் தடுப்பு என்று தெளிந்த பிறகே வேலையைத் தொடங்குவார். வீட்டுக்குச் சொன்ன இந்த விதி கலைக்கும் பொருந்தும், மொழிக்கும் பொருந்தும், விளையாட்டுக்கும் பொருந்தும். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. அதுவும் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டு. அதிலும் சண்டை விளையாட்டு!

இதைக் கேட்டதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொருளுக்கு வானொலியில் ஒரு பேச்சா என்று கேட்கவும் கூடும். சற்றுப் பொறுமையாகக் கேட்டால், இது பிள்ளைகளைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று, பெரியவர்களாகிய நம்மைப் பற்றியதும் ஆகும் என்பது விளங்கும்.

ஜப்பான் தேசத்தில் ஒசாகா நகரைச் சேர்ந்த காப்காம் என்ற நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்ற விளையாட்டை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் பெரிய பெட்டியில் வந்த அந்த முதல் பாகம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. 1991-இல் வந்த இரண்டாம் பாகமோ உலகையே ஆட்கொண்டது. எட்டு வீரர்களில் நமக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். பக்கத்தில் நிற்பவரோடு நேருக்கு நேர் மோதலாம். அடுத்த ஆண்டு, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு அது வந்தபோது, அந்தப் பதிப்பு ஒன்றே 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று.

அந்த எண்மரில் ஒருவர் நம் நாட்டவர். தால்சிம் என்று பெயர். நீளும் கைகால்களும், நெருப்பை உமிழும் வாயும், கழுத்தில் மண்டையோட்டு மாலையும் உடைய யோகி அவர். பின்புலத்தில் யானைகள் பிளிறும். தொலைதேசத்தார் நம்மைக் கற்பனை செய்த விதத்தைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா என்று அந்நாளில் நமக்குத் தெரியவில்லை. ஆயினும், எதிரியை அண்டவிடாமல் தூரத்திலேயே நிறுத்தி வெல்லும் அந்த யோகியை ஆட மிகுந்த பொறுமை வேண்டும். பொறுமையே நம் நாட்டு வீரரின் ஆயுதமாக அமைந்ததில் ஓரளவு மனம் சமாதானமடைந்தோம்.

நாம் அந்த விளையாட்டைக் கண்டது திருச்சியில், தெப்பக்குளத்தை அடுத்த சந்து ஒன்றில் இருந்த சிறிய கடையில். ஒரு ரூபாய்க் காசைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டால் அடுத்த ஆட்டம் நம்முடையது என்பது அங்கே எழுதாத சட்டம். பள்ளி விட்டு வருகிற வழியில், கையில் காசு இல்லாத நாட்களிலும், பிறர் ஆடுவதைப் பார்த்தபடியே நெடுநேரம் நிற்போம். ரியூ என்ற வீரரின் கையிலிருந்து 'ஹடோக்கென்' என்னும் ஒளிப்பந்து பாயவேண்டுமானால், கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன்பக்கமாக ஒரு கால்வட்டம் சுழற்றி, அதே கணத்தில் குத்துப் பொத்தானைத் தட்டவேண்டும். இதைக் கற்றுக்கொள்ள நமக்கு ஒரு கோடை விடுமுறை முழுவதும் பிடித்தது. விரலில் காய்ப்பும் காய்த்தது.

அவ்விளையாட்டின் உயிர்நிலை எது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தாக்குபவனைத் தடுக்கலாம், தடுத்தே நிற்பவனைப் பிடித்து எறியலாம், எறிய வருபவனைத் தாக்கலாம். ஒன்றை ஒன்று வெல்லும் இந்த மூன்றினுள் எதிரி எதைச் செய்யப்போகிறான் என்று இமைப்பொழுதில் கணிப்பதே ஆட்டம். கணித்ததைச் செய்து முடிக்கக் கையும் ஒத்துழைக்க வேண்டும். ஆக, மனத்தின் கணிப்பு ஒன்று, கையின் பழக்கம் ஒன்று. இவ்விரண்டு சுவர்களுள் கூரையைத் தாங்குவது எது? பின்னாளில் அதைப் புதுப்பிக்க முனைந்தவர்கள் முன் நின்ற கேள்வி இதுவே.

1997-இல் மூன்றாம் பாகம் வந்தது. பழைய வீரர்களில் ரியூவையும் கென்னையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஏனையோரை நீக்கிப் புதுமுகங்களைக் கொண்டுவந்தார்கள். எதிரியின் அடி நம்மேல் படும் அதே கணத்தில் கைப்பிடியை முன்னே தட்டி, அந்த அடியை வீணாக்கும் நுட்பமான உத்தி ஒன்றையும் சேர்த்தார்கள். 1999-இல் அதன் செம்மைப் பதிப்பு வெளிவந்தது. வல்லுநர்கள் அதைக் கொண்டாடினார்கள். பொதுமக்களோ மெல்ல விலகினார்கள். காசு போட்டு ஆடும் கூடங்களும் பல நாடுகளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் எண் தாங்கிய புதிய பாகம் எதுவும் வரவில்லை.

ஆனால் களம் முற்றிலும் அவிந்துவிடவில்லை. 2004-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த ஈவோ போட்டியில், ஜப்பானியரான டைகோ உமெஹாராவும் அமெரிக்கரான ஜஸ்டின் வாங்கும் அந்த மூன்றாம் பாகத்தில் மோதினார்கள். உமெஹாராவின் வீரருக்கு உயிர் ஒரு நூலிழை அளவே மிஞ்சியிருந்தது. வாங் தொடுத்த பதினைந்து உதைகளையும், ஒன்றுகூடத் தவறாமல், அந்தந்தக் கணத்திலேயே தட்டி வீணாக்கிவிட்டு உமெஹாரா திருப்பி அடித்து வென்றார். கூடியிருந்தோர் எழுப்பிய ஆரவாரத்தை இன்றும் இணையத்தில் காணலாம். விற்பனையில் தோற்ற ஆட்டத்துக்குள் எத்தகைய அழகு அடங்கிக் கிடந்தது என்பதை உலகம் அன்று கண்டது.

2008-இல், யோஷினோரி ஓனோ என்பவரைத் தயாரிப்பாளராகக் கொண்டு நான்காம் பாகம் பிறந்தது. உருவங்கள் முப்பரிமாணமாயின, ஆட்டமோ பழையபடி ஒரே நேர்கோட்டில் நடந்தது. நீக்கப்பட்டிருந்த பழைய வீரர்கள் திரும்பிவந்தார்கள். பழைய ரசிகர்களும் திரும்பிவந்தார்கள். இது முதல் புத்துயிர். 2016-இல் வந்த ஐந்தாம் பாகம் தொடக்கத்திலேயே தடுமாறியது. தனியாக அமர்ந்து ஆடிப் பழகுவோருக்கு வழிவழியாக இருந்துவந்த பகுதி அதில் இல்லை. அதைச் சேர்க்க 2018 வரை ஆயிற்று. போட்டிக்குச் செல்லும் வீரனை நினைத்தவர்கள், வாசற்படியில் நிற்கும் புதியவனை மறந்துவிட்டார்கள்.

அந்தப் பிழையிலிருந்து பாடம் கற்று எழுந்ததே 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த ஆறாம் பாகம். அதில் செய்த மாற்றங்களுள் மூன்று கருதத்தக்கவை.

முதலாவது, கற்றுக்கொடுக்கும் முறை. புதியவர் தமக்கென ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டு, கற்பனை நகரம் ஒன்றில் உலவி, புகழ்பெற்ற வீரர்களைக் குருவாக அடைந்து ஒவ்வொரு வித்தையாகக் கற்கலாம். தால்சிமும் இருக்கிறார், தாடி வளர்த்து, இந்தியக் கோயில் ஒன்றைக் களமாகக் கொண்டு நிற்கிறார். இரண்டாவது, கூடம். மூடப்பட்ட பழைய ஆட்டக்கூடத்தைத் திரைக்குள்ளேயே எழுப்பியிருக்கிறார்கள். பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வெவ்வேறு நாட்டார் தத்தம் உருவத்தில் வந்து எதிரெதிரே அமர்கிறார்கள்.

மூன்றாவதே பெரும் விவாதத்தை எழுப்பியது. 'கிளாசிக்' என்ற பழைய ஆறு பொத்தான் முறையோடு, 'மாடர்ன்' என்ற எளிய முறையையும் வைத்தார்கள். இதில் கால்வட்டச் சுழற்சி வேண்டியதில்லை. ஒரே பொத்தானில் ஒளிப்பந்து பாயும். ஒரு கோடை விடுமுறையை விலையாகக் கொடுத்து நாம் பெற்றதை, இன்றைய சிறுவன் ஒரு விநாடியில் பெறுகிறான்!

இம்மூன்றோடு கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஒன்றும் உண்டு. இத்தகைய ஆட்டத்தில் ஒரு விநாடி அறுபது படங்களாகப் பகுக்கப்படுகிறது. தொலைவில் இருப்பவர் அழுத்திய பொத்தானின் செய்தி வந்துசேரச் சில படங்கள் கழிந்துவிடும். பழைய முறையில் அந்தச் செய்தி வரும்வரை ஆட்டம் காத்திருக்கும். ஆடுவோருக்குச் சேற்றில் நடப்பதுபோல் இருக்கும். பழைய பாகம் ஒன்று 2006-இல் இணையத்துக்கு வந்தபோது கண்ட இக்குறையால் மனம் நொந்த டோனி கேனன் என்பவர் வேறொரு வழியை வகுத்தார். ரோல்பேக் என்பது அதன் பெயர். செய்தி வருமுன்னரே, எதிராளி இன்னதைச் செய்திருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை நடத்திவிடுவது; ஊகம் தவறானால் சில படங்கள் பின்சென்று திருத்திக்கொள்வது. தமிழ்ச் சொற்பொழிவை உடனுக்குடன் ஆங்கிலத்தில் பெயர்க்கும் நம் நண்பர்கள் செய்வதும் இதுதான். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. ஊகித்துச் சொல்லிவிட்டு, தவறினால் திருத்திக்கொள்கிறார்கள். ஆறாம் பாகம் இம்முறையைக் கைக்கொண்டதால், தொலைவு என்னும் தடை பெரிதும் குறைந்தது.

தில்லிக்கும் திருச்சிக்கும் இடையே ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் உண்டு. தில்லியில் பிறந்து வளர்ந்த நம் மகனும், திருச்சியில் இருக்கும் அவனுடைய அத்தை மகனும் ஞாயிறுதோறும் இந்தக் களத்தில் சந்திக்கத் தொடங்கினார்கள். இங்கே நாம் செய்த பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் எளிய முறையில் ஆடுவதைக் கண்டதும் நமக்குப் பொறுக்கவில்லை. "இது ஆட்டமே இல்லை, விரலை வளைக்கத் தெரியாதவனுக்கு எதற்கு ஹடோக்கென்?" என்று அவன் அத்தான் காதுபடச் சொல்லிவிட்டோம். அவன் பதில் பேசவில்லை. பெட்டியை அணைத்து வைத்தான். இரண்டு ஞாயிறுகள் அதன் பக்கமே போகவில்லை.

அந்த மௌனம் நமக்குப் புதியதன்று. ஓராண்டுக்குமுன், திருச்சியிலிருந்து அழைத்த பாட்டியோடு தொலைபேசியில் பேசும்போது அவன் ழகரத்தைத் தவறாக உச்சரித்தான். அப்போதும் பலர் முன்னிலையில் நகைத்தோம். அதன்பின் பாட்டியிடம் அவன் பேச்சு "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு சொற்களுக்குள் சுருங்கிவிட்டது. காவல் காப்பதாக எண்ணி, கதவை அடைத்துவிட்டோம் என்பது இரண்டாம் முறைதான் நமக்கு உறைத்தது.

மூன்றாம் ஞாயிறு நாமே அவன் பக்கத்தில் அமர்ந்து, நமக்கும் சொல்லிக்கொடுக்குமாறு கேட்டோம். பழைய முறையில் நாம், எளிய முறையில் அவன். பத்து ஆட்டங்களில் ஏழில் தோற்றோம். அவன் கை நம்மை வெல்லவில்லை. அவன் கணிப்பு வென்றது. நாம் எப்போது பாய்வோம், எப்போது பதுங்குவோம் என்பதை நான்காம் ஆட்டத்திலேயே படித்துவிட்டான். கூரையைத் தாங்குவது எந்தச் சுவர் என்பது அன்று நமக்குத் தெரிந்தது.

ஆயினும் பழையவர்களின் குறையை முற்றிலும் தள்ளிவிடவும் கூடாது. உழைப்புக்கு மதிப்பே இல்லையென்றால் எவர் உழைப்பார்? இதற்கு ஆறாம் பாகத்தார் கண்ட விடை நியாயமானது. ஒரே பொத்தானால் விடும் வித்தைக்கு அதன் வலிமையில் 20 சதவீதம் குறைக்கப்படுகிறது. அடிகளின் வகையும் எளிய முறையில் குறைவு. அதே சமயம், எளிய முறையில் இருந்தபடியே பழைய சுழற்சியைச் செய்து முழு வலிமையையும் பெறலாம். அதாவது, வாயிலை அகலமாகத் திறந்தார்கள். உள்ளே மாடிப்படிகளை இடிக்கவில்லை. ஏற விரும்புபவர் ஏறலாம். இரு முறையினரும் மோதுவது ஒரே களத்தில். அந்த ஆண்டு ஈவோ போட்டியில் இந்த ஆட்டத்துக்கு மட்டும் 7000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள்.

கை தளர்ந்துவிட்டதே என்று வருந்தும் நம் வயதினருக்கும் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஐந்தாம் பாகம் பதக்கத்துக்குரிய பந்தயமாக இடம்பெற்றது. இந்திய வீரர்களும் அதில் கலந்துகொண்டார்கள். தங்கம் வென்ற தென்கொரியரான கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44!

நேயர்களே, சொந்த ஊரை விட்டு வந்து, பம்பாய் என்று வழங்கிய மும்பையிலும், கல்கத்தாவிலும், தில்லியிலும் வாழும் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பழம்பொருளை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற முயல்பவர்களே. பிள்ளைகள் வாயிலில் நிற்கும்போது நாம் அவர்களிடம் கேட்பது என்ன? கோடை விடுமுறை முழுவதும் பயின்ற கைப்பழக்கத்தையா, உள்ளே வரவேண்டும் என்ற ஆர்வத்தையா?

நம் மகன் இப்போது கால்வட்டச் சுழற்சியைப் பழகி வருகிறான். எவரும் சொல்லி அன்று. அந்த 20 சதவீதம் வேண்டுமாம். ஞாயிறுதோறும் அத்தானோடு ஆடும்போது பேச்சு தமிழிலேயே நடக்கிறது. திருச்சிப் பையனுக்கு இந்தி தெரியாதல்லவா? நேற்று, தோற்ற ஆத்திரத்தில் அவன் உரக்கக் கூவிய ஒரு வாக்கியத்தில் ழகரம் ஒன்று வந்தது. சரியாக இருந்ததா, இல்லையா என்று நாம் கவனிக்கவில்லை.