மருத்துவமனை வரை யார் கூட்டிப் போவது?

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் போதைப் பழக்கத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நம் மக்கள் மீது சுமத்தப்படும் பழிகளில் மிகப் பழையது 'குடிகாரப் பயலுக' என்பதுதான். கிளப்பில் கோப்பையோடு உட்கார்ந்தால் அது நாகரிகம். சேரிக்காரர் குவார்ட்டர் வாங்கினால் அது பிறவிக் குணம். மலக்குழியில் இறங்குகிறவர் நாற்றத்தைத் தாங்க முடியாமல் குடிக்கிறார். அவர் குடித்தது ஊருக்குத் தெரிகிறது. அவரை இறக்கிவிட்டது யார் என்று ஊர் கேட்பதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள். பலர் தலித்துகள். "குடித்துச் செத்தவனுக்கு 10 லட்சமா?" என்று கேட்டவர்களை நாம் பார்த்தோம். அந்தச் சாவுகளுக்கு முன்பு, குடியை விட முடியாமல் தவித்தவர்களுக்குச் சிகிச்சை எந்தத் தூரத்தில் இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. நான் இன்று அந்தக் கேள்வியைத்தான் கேட்க வந்திருக்கிறேன்.

2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வை எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தினார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்கு. ஊசி மூலம் போதை ஏற்றுபவர்கள் நாடு முழுக்கச் சுமார் எட்டரை லட்சம் பேர் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் எச்ஐவியும் ஹெபடைடிஸ் சி-யும் பரவுகின்றன. சென்னையில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்களைப் பற்றிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையானவருக்கு புப்ரெனார்பின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தால் உடல் முறுக்கும் வேதனை அடங்கும். ஊசியைத் தேடி ஓட வேண்டியதில்லை. வேலைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் இதை மையங்களில் இலவசமாகத் தருகிறது. ஹெபடைடிஸ் சி-க்கும் 2018 முதல் அரசுத் திட்டத்தில் இலவச மருந்து உண்டு. பெரும்பாலோருக்கு 12 வாரத்தில் குணமாகும்.

சட்டமும் இருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், அவர் மீதான நடவடிக்கையிலிருந்து விலக்கு தருகிறது. 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் சேவைகளில் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியது.

மருந்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஆள் வந்து சேர்வதில்லை. ஏன்?

கூலி வேலைக்குப் போகிறவர் தினமும் மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கினால் அரை நாள் கூலி போகும். குப்பத்துப் பையனுக்குப் பிரிவு எண் தெரியாது, போலீஸைத்தான் தெரியும். வெள்ளைச் சட்டைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த முறை அவன் வரமாட்டான். வீட்டார் கடன் வாங்கித் தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கிறார்கள். அடித்துத் திருத்தும் இல்லங்களும் நடக்கின்றன. பெண்களோ வெளியே சொல்லவே முடியாது.

இந்த இடைவெளியை மூடுகிறவர்கள் களப் பணியாளர்கள். அவர்களில் பலர் ஒருகாலத்தில் தாங்களே போதையில் இருந்தவர்கள். அவன் எந்தப் பாலத்தடியில் இருப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். புது ஊசி கொடுப்பார்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவார்கள், ஒரு வாரம் வரவில்லை என்றால் தேடிப் போவார்கள். மருத்துவமனைக்கும் சேரிக்கும் இடையிலுள்ள பாதை இவர்கள் கால்களால் போடப்பட்டது. அந்தப் பாதைக்குக் கொடுக்கப்படுவதோ சொற்ப மதிப்பூதியம். திட்ட நிதி தாமதமானால் முதலில் நிற்பதும் அதுதான்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். 1951இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தேர்தல் அறிக்கையில், திட்டங்களுக்கு நிதி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அம்பேத்கர் வரிசையாகப் பதில் சொன்னார். மதுவிலக்கைக் கைவிட்டால் கிடைக்கும் வருவாயும் அந்த வரிசையில் இருந்தது. மற்றவர்கள் ஒழுக்கமாகப் பார்த்ததை அவர் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தார். நாமும் அப்படியே கேட்போம். 2023-24இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாடு அரசுக்கு வந்தது 45 ஆயிரம் கோடிக்கு மேல். அதில் குடித்தவரின் கல்லீரலுக்கும் அவர் குடும்பத்துக்கும் திரும்பியது எவ்வளவு? 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு தேசிய நிதிக்கு இடம் இருக்கிறது. பறிமுதல் சொத்தை விற்ற பணம் அதில் சேர வேண்டும். அடிமையானவர்களை அடையாளம் காண, சிகிச்சை தர, மறுவாழ்வு தர அதைச் செலவிடலாம் என்று சட்டமே சொல்கிறது. உறுதிமொழிக்கும் பேரணிக்கும் பதாகைக்கும் செலவு செய்வது சுலபம். படம் எடுக்கலாம். ஒருவரை நாள்தோறும் தேடிப் போவதைப் படம் எடுக்க முடியாது.

நம் கோரிக்கைகள் எளியவை. மாற்று மருந்து வட்ட மருத்துவமனை வரை வர வேண்டும். நிலைமை சீரானவருக்குச் சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். களப் பணியாளருக்கு மதிப்பூதியம் போய் மாதச் சம்பளம் வர வேண்டும். சிகிச்சை நாள்களுக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட வேண்டும். பெண்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். மையத்து வாசலில் போலீஸ் நிற்கக் கூடாது.

குடியை ஆதரிக்கச் சொல்லவில்லை, தோழர்களே. குடும்பங்களை அது எப்படி அழிக்கிறது என்று நம் தெருக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குறிப்பாக, அடி வாங்கிய பெண்களுக்கு. அவர்களுக்கும் தேவைப்படுவது, புருஷன் சாகாமல், சிறைக்குப் போகாமல், தெளிந்து வீடு திரும்புவதுதான். நாளைக்கே ஒரு வேலை செய்யலாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் போதைச் சிகிச்சைக்கு எத்தனை படுக்கை, எத்தனை பணியாளர், சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மறுபடி கூடுவோம்.