மலை இறங்கி வந்த அண்டை வீட்டார்

(தில்லியில் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் குடியிருக்கும் தெருக்களில் கட்வால்காரர் இல்லாத தெரு உண்டா? ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர், இரவுக் காவல்காரர், வண்டியோட்டி. ஊர் எது என்று கேட்டால் பௌரி என்பார், டெஹ்ரி என்பார். அவர்கள் யாரோ, நமக்கென்ன என்று இருந்துவிடக் கூடாது. மழை பொய்த்து, கடன் ஏறி, சேலத்துக் கரட்டிலிருந்தும் விழுப்புரத்து மானாவாரிக் கொல்லையிலிருந்தும் இரயிலேறிய குடும்பங்கள் நம்மிலும் உண்டு.

அங்கே நிலத்தை நாலி என்று அளக்கிறார்கள். 200 சதுர மீட்டர் ஒரு நாலி. ஏறத்தாழ 20 நாலி சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். இருக்கிற சில நாலியும் ஓரிடத்தில் இராது. சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிக்கழனிகளாக மேலொன்று, கீழொன்று என்று சிதறிக் கிடக்கும். பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ஏர் பிடிப்பது மட்டும் ஆண். எரு சுமப்பது, களையெடுப்பது, அறுப்பது, புல், விறகு, தண்ணீர் எல்லாம் பெண்கள் தலையில்.

அந்த மண்ணுக்கேற்ற விவசாயத்தை முன்னோர் கண்டிருந்தனர். பாரஹ்நாஜா என்று பெயர். பன்னிரண்டு தானியம் என்று பொருள். கேழ்வரகு, தண்டுக்கீரை விதை, ராஜ்மா, கொள்ளு, உளுந்து, தட்டைப்பயறு என்று ஒரே கழனியில் கலந்து விதைப்பார்கள். மழை முந்தினாலும் பிந்தினாலும் பன்னிரண்டில் நாலாவது வீடு வந்து சேரும். கேழ்வரகும் கொள்ளும் நம் பாட்டிமார் சாப்பாடு அல்லவா! இதை விட்டுவிட்டு சோயா போடு என்று 1980களில் அதிகாரிகள் சொன்னபோது, டெஹ்ரி மாவட்டத்தில் விஜய் ஜர்தாரியும் தோழர்களும் 'பீஜ் பச்சாவோ ஆந்தோலன்' என்ற விதை காக்கும் இயக்கம் நடத்தினார்கள்.

இன்று அந்தக் கணக்கும் தப்புகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பல நாள் பெய்ய வேண்டிய மழை ஒரே இரவில் கொட்டி, மண்ணில் இறங்காமல் ஓடிவிடுகிறது. இமயமலை ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வறண்டோ குறைந்தோ வருவதாக 2018இல் நிதி ஆயோக் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஊற்று வற்றினால் குடத்தோடு இன்னும் தூரம் நடப்பது யார்?

மழையில் கல்சுவர் சரிகிறது. அடுக்கிக் கட்ட ஆளில்லை. மகன் இங்கே தில்லியில் இருக்கிறான். கழனி தரிசாகிறது, புதர் மண்டுகிறது, காட்டுப்பன்றியும் குரங்கும் குடியேறுகின்றன. பிறகு பக்கத்துக் கழனிக்காரி விதைத்தும் பயனில்லை. அவளும் மூட்டை கட்டுகிறாள். 2011க்குப் பிறகு 734 சிற்றூர்கள் ஆளில்லாமல் போயின என்று மாநிலத்தின் புலம்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குக் காட்டியது.

எல்லாவற்றையும் வானிலையின் மீது போட்டுத் தப்பிக்க ஆட்சியாளர்களை நாம் விடக் கூடாது. போனவர்களில் பாதிப்பேர் சொன்ன காரணம் பிழைப்பின்மை. அதையடுத்துப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. கெட்ட மழை பெய்தது உண்மை. அதைத் தாங்கும் வலுவைக் குடும்பத்துக்குத் தராதது அரசு. கேழ்வரகுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை உண்டு. கொள்ளுக்கும் குதிரைவாலிக்கும் இல்லை. பயிர்க் காப்பீடு பெரும்பாலும் வட்டாரத்தின் சராசரி விளைச்சலைப் பார்க்கிறது. மலையில் வெயில் முகம் வேறு, நிழல் முகம் வேறு. ஒருத்தியின் கழனி அழிந்தாலும் சராசரி நன்றாகவே இருக்கும்! பட்டாவோ செத்துப்போன பாட்டன் பெயரில் கூட்டாகக் கிடக்கும். 2021இல் கணவனின் பூர்வீக நிலத்தில் மனைவிக்கும் கூட்டுரிமை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. அந்த உரிமை ஏட்டில் ஏறி, கடனும் இழப்பீடும் அவள் கைக்கு வர வேண்டும்.

இவற்றை வைத்து நம் தெருவிலுள்ள கட்வால் தோழர்கள் ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். தமிழில் பெயர்த்த பிரதி செயலாளரிடம் இருக்கிறது. வருகிற ஞாயிறு மாலை அவர்கள் இங்கே வருகிறார்கள். படித்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் அவசியம் வர வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்களும் வருகிறார்கள்.