ஜோன்ஸ் என்றால் யாருடைய பிள்ளை?

(நமது சங்கத்தின் கொல்கத்தா கிளைக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது ஒரு விஷயம் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகம் படித்தவன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியவன். புராணமோ சங்கீதமோ பேச எனக்கு யோக்யதை கிடையாது. ஆகவே கோப்புகளில் என்னை மிகவும் படுத்திய ஒரு சமாசாரத்தை, அதாவது மனிதர்களின் பெயரை, எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரே ஒரு பெயர். ஜோன்ஸ்.

"வெள்ளைக்காரர் பெயருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இந்த ஊரிலேயே இருக்கிறது. பார்க் தெரு பக்கம் போகும்போது பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். வானத்தைக் குத்துவது போல ஓர் உயரமான ஊசித்தூண் நிற்கும். அதன் கீழே இருப்பவர் சர் வில்லியம் ஜோன்ஸ். 1783-இல் சுப்ரீம் கோர்ட் நீதிபதியாகக் கல்கத்தா வந்தார். 1784 ஜனவரியில் ஏஷியாடிக் சொசைட்டியை ஆரம்பித்தார். சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் கொடுத்தார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று 1786-இல் இதே ஊரில் பேசினார். 1794-இல் இங்கேயே காலமானார்.

என்னைப் போன்ற சயின்ஸ் மாணவர்களுக்கு அவரைவிட அவர் தகப்பனார்தான் நெருக்கம். அவர் பெயரும் வில்லியம் ஜோன்ஸ். வேல்ஸ் தேசத்தில் ஆங்கில்சி தீவில் 1675-இல் பிறந்த கணித மேதை. நியூட்டனுக்கும் ஹாலிக்கும் சிநேகிதர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்கு 'பை' என்ற கிரேக்க எழுத்தை முதலில் உபயோகித்தவர் இவர்தான். வருஷம் 1706. பிற்பாடு ஆய்லர் எடுத்துக் கையாண்டதால் அது உலகம் முழுவதும் பரவியது.

இப்போது பெயருக்கு வருகிறேன். இந்தக் கணித மேதையின் தகப்பனார் ஒரு சாதாரணக் கிராமத்து மனிதர். ஊரில் அவரை 'சியோன் சியோர்' என்பார்கள். சியோன் என்றால் ஜான். சியோர் என்றால் ஜார்ஜ். அதாவது ஜார்ஜின் பிள்ளை ஜான். நம்முடைய இனிஷியல் கணக்குதான். ஜானின் பிள்ளை வில்லியம், ஆங்கில முறைப்படி 'ஜானுடைய' என்ற பொருளில் ஜோன்ஸ் ஆனார். கடைசியில் நிற்கும் 'ஸ்' என்பது ஆறாம் வேற்றுமை உருபு, அவ்வளவே. பழைய முறை தொடர்ந்திருந்தால் நம் சர் வில்லியம், வில்லியத்தின் பிள்ளை என்ற கணக்கில் வில்லியம்ஸ் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. தாத்தாவின் பெயர் பேரனோடும் ஒட்டிக்கொண்டது. தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த பெயர் உறைந்து போய்க் குடும்பப் பெயர் ஆனது. திரவம் திடமாகிற அந்தக் கட்டத்தை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையில் பார்க்கிறோம்.

வேல்ஸ்காரர்களின் பழைய முறை 'ஆப்' என்பது. பிள்ளை என்று அர்த்தம். உயிரெழுத்துக்கு முன்னால் அதன் 'ப்' ஓசை மென்மையாக ஒலிக்கும். பெண்ணுக்கு 'வெர்க்'. இன்னாரின் பிள்ளை இன்னார், அவர் இன்னாரின் பிள்ளை என்று பல தலைமுறையைச் சங்கிலியாகச் சொல்வார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1536-லும் 1543-லும் வந்த சட்டங்களால் வேல்ஸ் இங்கிலாந்தின் நிர்வாகத்தில் சேர்ந்தது. கோர்ட்டு பாஷை ஆங்கிலம் ஆனது. ஆங்கில குமாஸ்தாவுக்கு இந்தச் சங்கிலியை எழுதப் பொறுமை இருக்குமா? முதலில் பெரிய மனிதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களிடம் அது முழுவதும் பரவ மேலும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 'ஆப் ரைஸ்' என்பது பிரைஸ் ஆனது. 'ஆப் ஹவெல்' பவெல் ஆனது. 'அப் ஓவன்' போவன் ஆனது.

ஜோன்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு பெருகியது? காரணம் எளியது. குடும்பப் பெயர்கள் உறைந்த காலத்தில் அங்கே ஞானஸ்நானத்தில் வைத்த பெயர்கள் மிகச் சில. ஜான், வில்லியம், டேவிட், தாமஸ், ஈவான் என்று திரும்பத் திரும்ப அவையே. ஊருக்குப் பத்து ஜான் இருந்தால் அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஜோன்ஸ். ஆகையால் ஜோன்ஸ் என்பது ஒரு வம்சமே அல்ல. நம் கோத்திரம் போல ஒரு மூல ரிஷியைச் சொல்வதும் அல்ல. இரண்டு ஜோன்ஸ்கள் எந்த உறவும் இல்லாதவர்களாக இருக்கலாம். ஜான் என்ற பெயரோ 'கடவுள் கருணையுள்ளவர்' என்று பொருள்படும் எபிரேயப் பெயரிலிருந்து வந்தது. ஈவானும் அதுவேதான். ரஷ்யாவின் இவானும், ஜெர்மனியின் ஹான்ஸும், நம் கேரளத்து யோஹன்னானும் அதன் உருவங்களே. வேடிக்கை என்னவென்றால் வேல்ஸ் பாஷையின் பழைய எழுத்து வரிசையில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது. அந்த நாட்டிலேயே அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் அந்த எழுத்தில் தொடங்குகிறது!

எங்கள் அலுவலகத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தோம். கணக்கு, நெட்டை, கும்பகோணம் என்று அடைமொழி வைத்துச் சமாளித்தார்கள். வேல்ஸிலும் அப்படித்தான், பால்கார ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ் என்பார்கள். பட்டாளத்தில் நம்பர். 1879-இல் தென்னாப்பிரிக்காவில் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர்களில் இருவர் ஜோன்ஸ். ஒருவர் 593 ஜோன்ஸ், மற்றவர் 716 ஜோன்ஸ். அமெரிக்காவில் 2010 ஜனத்தொகைக் கணக்கில் சுமார் 14 லட்சம் பேருடன் இந்தப் பெயர் ஐந்தாவது இடத்தில் இருந்தது. 2006 நவம்பரில் கார்டிஃப் நகரில் 1,224 ஜோன்ஸ்கள் ஓர் அரங்கில் கூடி உலக சாதனை செய்தார்கள். அடுத்த வருஷமே அயர்லாந்தின் காலகர்கள் அதை முறியடித்தார்கள்.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த உறைதல் இன்று நம் வீடுகளில் நடக்கிறது. என் தகப்பனார் பெயர் என்னிடம் ஓர் எழுத்து. என் பெயர் என் பிள்ளையிடம் ஓர் எழுத்தாக இருந்தது. அவன் பாஸ்போர்ட் எடுத்தபோது 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்றார்கள், என் பெயரை விரித்து எழுதினான். பேரனுக்கும் அதுவே தொடர்ந்தது. வெளிநாட்டுப் பள்ளியில் வாத்தியார் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்? ஆனால் ராத்திரி யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. என்னைப் படிக்க வைக்க நிலத்தை விற்ற மனிதர் பெயர் எந்தக் காகிதத்திலும் முழுசாக இல்லை. ஒரு படிவத்தில் கட்டம் இருந்த காரணத்தால் என் பெயர் நிற்கிறது.

இன்னொன்று, இது வருத்தமான விஷயம். என் நண்பர் ஒருவர் காலமானார். பென்ஷன் புத்தகத்தில் மாமியின் பெயர் கணவர் இனிஷியலோடு இருந்தது. ஆதாரில் தகப்பனார் பெயரை விரித்து எழுதியிருந்தது. இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்த அம்மாள் ஏழு மாதம் நடந்தார். அதுவரை குடும்ப பென்ஷன் இல்லை. நண்பரும் என்னைப் போல் அரசாங்கத்தில் இருந்தவர்தான். ஊரார் கோப்பையெல்லாம் சரி பார்த்தவர், சொந்தக் கோப்பைப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியின் காகிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்று விதமாகப் பெயர் இருந்தது! திருத்தி முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. தயவுசெய்து இந்த வாரமே உங்கள் வீட்டில் பென்ஷன் உத்தரவு, ஆதார், பான், வங்கிப் புத்தகம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேல்ஸில் சிலர் பழைய முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். 2023-இல் பிளெய்ட் கம்ரி கட்சித் தலைவரானவர் ரூன் ஆப் இயோர்வெர்த். இயோர்வெர்த் என்பது எட்வர்டுக்கு ஈடாக வழங்கும் பெயர். அவர் தகப்பனார் எட்வர்ட் மோரிஸ் ஜோன்ஸ். ஜோன்ஸின் பிள்ளை மறுபடி 'ஆப்' ஆகிவிட்டார். நம் பேரக்குழந்தைகளின் பாஸ்போர்ட்டை அப்படி மாற்றச் சொல்லவில்லை. அந்த அலைச்சல் வேண்டாம்.

ஆனால் நமக்கு வேறு ஓர் ஏற்பாடு இருக்கிறது. அபிவாதயேயில் ரிஷிகள், கோத்திரம், சூத்திரம், வேதம், சொந்தப் பெயர் எல்லாம் உண்டு, தகப்பனார் பெயர் இல்லை. தர்ப்பணத்தில் மூன்று தலைமுறை பெயர் வருகிறது. போன மஹாளயத்தில் லீவுக்கு வந்திருந்த பேரன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், "தாத்தா, அந்த முதல் பேர் யாரோடது?" என்றான். "என் அப்பாவோடது" என்றேன். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து, எழுத்துக் கூட்டி, தப்பும் தவறுமாகத் தமிழில் எழுதிக்கொண்டான். நான் திருத்தவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள்.