அமேசான் மீனும் நம் ஏரிகளும்

ஆந்திரத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் வலையில் அகப்படும் ஒரு மீனைத் தெலுங்கில் 'தெய்யம் சேப' என்பர்; பேய்மீன் என்பது பொருள். உடலெங்கும் எலும்புத் தகடு, துடுப்பில் முள், தலையின் கீழே உறிஞ்சும் வாய். கடைக்காரர் இதனைச் 'சக்கர்' மீன் என்பர்.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னும் என்று மக்கள் இதனை வாங்கினர். குஞ்சு ஒன்றரை அடியாக வளர்ந்ததும், கொல்ல மனமின்றிப் பலர் ஏரியில் விட்டனர். 2020இல் வாரணாசியருகே கங்கையிலும் இது பிடிபட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர்நிலைகளில் இது பரவியுள்ளதாக, ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்து ஆய்வாளர் 2024இல் தெரிவித்தனர்.

இரைப்பையாலும் காற்றைச் சுவாசிப்பதால், நீருக்கு வெளியேயும் பல மணி நேரம் இது உயிர் தரிக்கும். முட்டையிடக் கரையைக் குடையும், கரை தளரும். முள்ளில் சிக்கி வலை கிழியும். பிடித்தாலும் வாங்குவாரில்லை, நட்டம் வலைஞருக்கே.

விஜயபுரம், நகரி வட்டாரத்து அன்பர்களே! ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே நீர் அடுத்த ஏரிக்குச் செல்கிறது. நகரியாறோ கொசஸ்தலையாற்றுடன் கூடிப் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. இங்கு விடும் மீன் எங்கும் செல்லக்கூடும். எனவே, வளர்க்க இயலாத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடுவது ஜீவகாருண்யமாகத் தோன்றலாம். அங்கே வாழும் கெண்டைக்கும் விராலுக்கும் அது கேடேயாகும்.