நுண்கணிதத்தின் அடித்தளம்



நீலகிரியில் எமரால்டு நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்து ஒருவன் குன்றின்மீது ஏறுகிறான் எனக் கொள்வோம். கரைக்கு மேல் 100 மீட்டர் உயரமுள்ள உச்சியை அவன் அடைந்தால், வழியில் 50 மீட்டர் உயரத்தை ஓரிடத்திலேனும் கடந்திருக்க வேண்டும். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும், கல்லூரியில் கணிதம் பயிலப் புகும் மாணவனை நோக்கி ஆசிரியர், "கடந்தான் என்பதை நிறுவுக" என்கிறார்.

மாணவன் திகைக்கிறான். பள்ளியில் வகையீடும் தொகையீடும் விரைந்து செய்து நன்மதிப்பெண் பெற்றவன் அவன். கண்ணுக்குத் தெரிவதை நிறுவுவானேன் என்று சலிக்கிறான். இச்சலிப்பால் கணிதத்தையே கைவிடுவோரும் உண்டு. ஆகவே அவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

பின்னங்களையும் முழு எண்களையும் மட்டுமே எண்கள் எனக் கொள்க. நடந்த தொலைவின் வர்க்கமே ஏறிய உயரம் எனவும் கொள்க. தொலைவு 1 ஆயின் உயரம் 1. தொலைவு 2 ஆயின் உயரம் 4. உயரம் 2 ஆவது எவ்விடத்தில்? தொலைவு 7/5 எனின் உயரம் 49/25. இது 2-க்குச் சற்றுக் குறைவு. 17/12 எனின் 289/144. இது சற்று மிகுதி. எந்தப் பின்னத்தின் வர்க்கமும் சரியாக 2 ஆவதில்லை. ஏறியவன் 2 என்னும் உயரத்தைத் தொடாமலே தாண்டிவிட்டான்! பாதையில் கண்ணுக்குப் புலனாகாத துளை இருந்தது.

ஜெர்மானியக் கணித அறிஞர் டெடெகிண்ட், 1858இல் சூரிச் நகரில் நுண்கணிதம் கற்பிக்கையில், படத்தைக் காட்டியே இத்தகைய உண்மைகளை ஏற்கச் செய்ய வேண்டியிருந்ததை எண்ணி மனம் வருந்தினார். அத்துளைகளை நிரப்பி மெய்யெண்களை வரையறுக்கும் நூலை 1872இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வயர்ஸ்ட்ராஸ், எங்கும் தொடர்ச்சியுடையதாயினும் எப்புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாத ஒரு வளைகோட்டை எடுத்துக்காட்டினார். கண்ணை மட்டும் நம்பலாகாது என்பது தெளிவாயிற்று.

இக்கல்வி நம் நாட்டிலும் நற்பயன் விளைத்தது. பிரான்சில் பயின்ற ராசின் பாதிரியார் 1937இல் இந்தியா வந்து, பின்னர்ச் சென்னை லயோலா கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். புதிய கணிதத்தின் பால் மாணவரை ஈர்த்தார். அங்குப் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தனர். அவ்விருவர் பெயராலும் வழங்கும் தேற்றம் 1965இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது.

நீங்கள் ஒரு தேற்றத்தைக் கற்கும்போது மனப்பாடம் செய்து அமையாதீர்கள். அதன் நிபந்தனைகளுள் ஒன்றை நீக்கிப் பாருங்கள். தேற்றம் எங்கே இடிந்து விழுகிறது என்று தேடுங்கள். ஒரு பக்கத்திற்கு ஒரு மாலைப்பொழுது கழியலாம். அது வீண்பொழுது அன்று. குன்றேறுபவன் நிதானமாகவே அடியெடுத்து வைக்கிறான். வைத்த அடி உறுதியாக இருந்தால் உச்சி தானே வந்து சேரும்.