தலவாக்கலை ஆய்வுகூடம் நமக்கும் சொந்தம்
(தோட்டத் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற இடத்தில் இன்று தேயிலை ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "அது படித்தவர்கள் விசயம், நமக்கு எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். நம்முடைய நேமுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

கோப்பிக் காலத்தைப் பாருங்கள். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி இங்கே வந்து சேர்ந்தது 1880இல். காற்றில் பரவும் பூஞ்சணமே காரணம் என்று அவர் காட்டினார். ஆனால் பதினொரு வருடம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது. நம் முன்னோர் பலருக்கு வேலையும் போனது, நிலுவைக் கூலியும் போனது.

தேயிலைக்கு 1925இல் சட்டம் போட்டு ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அது பிறகு தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. செலவுக்கு ஏற்றுமதித் தேயிலையின் மீது தீர்வை விதித்தார்கள். அந்தத் தேயிலையைப் பறித்தது யார்? நம் பாட்டிமார். அப்படியானால் அந்தக் கட்டடத்தில் அவர்கள் கூடைக்கும் பங்கு உண்டு.

அந்தப் பணம் வீண் போகவில்லை. கொழுந்தைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்க, 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்தார்கள். குளவி அந்தப் புழுவுக்குள் முட்டையிடும், புழு சாகும். 1946இல் கொப்புள நோய் வந்தபோது, கோப்பிக்கு நடந்தது தேயிலைக்கு நடக்கவில்லை. நம் தவறணையில் ஒரே ஓர் இலையும் கணுவும் வைத்து வளர்க்கும் 2025 போன்ற கன்றுகளும் அங்கே தெரிவு செய்யப்பட்டவைதான்.

இதை ஒரு கம்பனி தனியாகச் செய்யுமா? நோய்க்குத் தோட்ட எல்லை தெரியாது. ஒரு புதிய இனத்தைச் சோதித்து முடிக்க வருடக்கணக்காகும். குத்தகைக் காலத்தையும் இந்த வருட இலாபத்தையும் பார்க்கிறவர் அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டார். சிறுதோட்டக்காரருக்கோ ஆய்வுகூடம் கட்ட வசதியில்லை. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும். அதற்குப் பொதுப் பணம் வேண்டும்.

2021ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணைப் பரிசோதித்துப் படிப்படியாகச் செய்ய வேண்டிய மாற்றத்தை ஒரே உத்தரவில் செய்து, இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த வருடம் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. மலையில் கொழுந்து இல்லை. நேம் நிறையாதவருக்கு அரை நாள் பேர். விஞ்ஞானத்தைத் தள்ளிவைத்ததற்கான கூலியை நாம்தான் கட்டினோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: தேயிலையில் வரும் தீர்வைப் பணத்தில் ஆராய்ச்சிக்குரிய பங்கு ஒழுங்காகப் போய்ச்சேர வேண்டும். தலவாக்கலைக்கு மட்டுமல்ல, பசறை, ஹந்தானை, இரத்தினபுரி நிலையங்களுக்கும்.

இரண்டு: செடியின் நோயை ஆராய்வது போல, கொழுந்து எடுப்பவரின் முதுகுவலியையும் மருந்து தெளிப்பவரின் மூச்சையும் ஆராய வேண்டும். முடிவுகள் தமிழில், லயத்து வாசல்வரை வர வேண்டும்.

மூன்று: நம் பிள்ளைகள் சென் கூம்ஸில் கொழுந்து எடுக்க மட்டும் போகக் கூடாது, ஆய்வுகூடத்து வேலைக்கும் போக வேண்டும். தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்களைக் கேட்பதும் இந்தப் போராட்டத்தில் ஒரு பகுதி.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். காசு கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. நாம் கூடை கூடையாகக் கொடுத்திருக்கிறோம்.